பழைய பவர்லைன் அடாப்டரோடு புதியதைச் சேர்க்கலாமா?

மாடிவாசி:
வீட்டு மின்கம்பி வழியாகவே இன்டர்நெட்டைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஹோம்பிளக் ஏவி என்ற பழைய தரம், 200 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டது. ஒன்று ரவுட்டர் பக்கம், இன்னொன்று மாடியில் கேமராவுக்கு. இப்போது படிப்பறைக்காக அதன் அடுத்த தலைமுறையான ஏவி2 ஜோடி வாங்கியிருக்கிறேன். ரவுட்டர் பக்கம் புதியதை மாட்டிவிட்டு, மாடியில் மட்டும் பழையதை விட்டுவைக்கலாமா?

இழையோன்:
வேண்டாம், கழற்றிவிடுங்கள். என் வீட்டில் ஒரே ஒரு பழையதை விட்டுவைத்தேன், புதிய ஜோடியின் வேகம் பாதியாகிவிட்டது. பழையது ஒன்று இருந்தால் எல்லாமே அதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

கம்பிவழி:
கடைசி வரியை ஏற்க முடியாது. ஏவி குடும்பத்தில் எந்த இரண்டு அடாப்டர் பேசினாலும், அந்த இரண்டுக்கும் இடையே கம்பி எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தனியாக வேகத்தை முடிவு செய்துகொள்ளும். பழையது ஏறக்குறைய 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைத்தான் பயன்படுத்தும், ஏவி2 86 வரை போகும். ரவுட்டரும் படிப்பறையும் பேசும்போது முழு அகலமும் கிடைக்கும். அதைப் பழையது தடுக்காது.

இழையோன்:
சரி, அந்த வரி தவறுதான். ஆனால் கம்பி ஒன்றுதானே? ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். படிப்பறைக்கு உண்மையில் 200 கிடைக்கிறது, மாடிக்கு 40தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடியில் 20 எம்பிபிஎஸ் ஓடினால் பாதி நேரம் அதற்கே போய்விடும். படிப்பறைக்கு மிஞ்சுவது 100.

கம்பிவழி:
இந்தக் கணக்கு சரி. இதே கணக்கில் கேமராவைப் போடுங்கள்: 4 எம்பிபிஎஸ் என்றால் பத்தில் ஒரு பங்கு நேரம்தான், படிப்பறைக்கு 180 மிஞ்சும். உங்கள் பழையதில் என்ன ஓடியது?

இழையோன்:
டிவியும், நாள் முழுக்கக் கோப்புகளை நகலெடுக்கும் ஒரு கணினியும்.

கம்பிவழி:
அப்படியானால் நேரத்தைத் தின்றது அந்த நகல் வேலைதான்.

நீலமலர்:
இடையில் ஒரு வார்த்தை. இந்தப் பேச்செல்லாம் ஏவி, ஏவி2 இரண்டுக்கும்தான் பொருந்தும். 14 அல்லது 85 எம்பிபிஎஸ் என்று போட்ட அதற்கும் முந்தைய ஹோம்பிளக் அடாப்டர்கள் ஏவியோடு பேசாது. ஜி.எச்.என் என்ற வேறு தரத்து அடாப்டர் வாங்கியிருந்தாலும் அதே கதைதான், ஹோம்பிளக்கோடு சேராது. வேகத்தைப் பார்த்து வாங்காமல், பெட்டியில் எந்தத் தரம் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இழையோன்:
அதுவும் சரி. ஆனாலும் நான் மாற்றத்தான் சொல்வேன். ஏவி2-வில் மைமோ (ஒரே நேரத்தில் பல கம்பி வழிகளில் அனுப்பும் முறை) உள்ளவை எர்த் கம்பியையும் சேர்த்துப் பயன்படுத்தும். இரண்டு பக்கமும் அது இருந்தால்தான் பலன். மாடியில் பழையது இருக்கும்வரை அந்த இணைப்புக்குக் கிடைக்காது.

கம்பிவழி:
கேமராவுக்கு எதற்கு அது? நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. மாடிவாசி, மாடியில் அதை எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

மாடிவாசி:
எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். பக்கத்திலேயே போன் சார்ஜர்.

கம்பிவழி:
முதலில் அதைச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். சில எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கும் ஃபில்டர் சிக்னலையே விழுங்கிவிடும், மலிவான சார்ஜர் இரைச்சலைக் கம்பியில் ஏற்றும். அப்புறம் ஜோடி பட்டனை அழுத்திப் புதியதோடு இணையுங்கள்.

மாடிவாசி:
மாற்றிவிட்டேன். சார்ஜர் அடுத்த அறைக்குப் போய்விட்டது. மாடி இணைப்பு 38-இல் இருந்து 90-க்கு ஏறியதாக மென்பொருள் காட்டுகிறது. கேமராவை நிறுத்தியும் ஓடவிட்டும் படிப்பறையில் மூன்று முறை சோதித்தேன், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. பழையது இருக்கட்டும்.

இழையோன்:
நல்லது. அதில் கணினி எதையும் மாட்டிவிடாதீர்கள்.