தொடையிடுக்கு அரிப்பும் மேல்தட்டு டியூபும்

சாயப்பட்டறை ஊழியர், திருப்பூர்:

படர்தாமரை என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈரக் கால்சட்டையோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலையில் அது வராதவர்கள் எங்கள் பட்டறையில் குறைவு. என்னை இன்றும் உறுத்துவது நோய் அல்ல, மருந்துக்கடையில் நடந்ததுதான். கால்களை அகட்டிக்கொண்டு நான் படியேறிய விதத்தைப் பார்த்தே, நான் வாயைத் திறப்பதற்குள், கடைத் தம்பி மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்து மேசைமீது வைத்துவிட்டார். இடத்தைச் சொல்லாமல் தப்பித்தோம் என்ற நிம்மதியில் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பூசிய அன்றிரவே அரிப்பு நின்றது. மூன்றாம் நாள் சிவப்பும் மங்கியது. நிறுத்தினேன். பத்தாம் நாள் முன்னைவிட அகலமாகத் திரும்பி வந்தது. எட்டு மாதம் இப்படியே டியூப் மாற்றி டியூப் பூசி, வட்டம் தொடையைக் கடந்து புட்டம்வரை போன பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் என் தொடையைப் பார்ப்பதற்கு முன் டியூபில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தார். பூஞ்சைக்கான மருந்தோடு க்ளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டும் அதில் கலந்திருப்பதாகவும், அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைத் தடையின்றிப் பரவ விடுவதாகவும் சொன்னார். பிறகு வட்டத்தின் ஓரத்துச் செதிலைப் பிளேடால் மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். பிரித்துப் போட்ட பனியன் துணிபோல, கிளை பிரிந்த பூஞ்சை நூல்கள் தெரிந்தன. அந்த ஸ்டீராய்டால் தொடையின் உட்புறத்தில், பிள்ளை பெற்றவர்களின் வயிற்றில் இருப்பதைப் போன்ற வரிகளும் விழுந்திருந்தன. “பூஞ்சை போய்விடும் தம்பி, இந்த வரிகள் முழுதாகப் போகாது” என்றார்.

விடுதி மாணவர், திருச்சி:

மேலே எழுதிய அண்ணனுக்கு நடந்தது கொடுமைதான். ஆனால் அந்த இடத்து அரிப்பையெல்லாம் படர்தாமரை என்றே எண்ணிவிடக் கூடாது. நானும் அப்படி நினைத்துப் பூஞ்சைக் களிம்பை இரண்டு வாரம் பூசினேன். பகலில் ஒன்றுமில்லை, விளக்கை அணைத்ததும் உயிர் போகும். மருத்துவரிடம் கூச்சத்தோடு பெல்ட்டைக் கழற்றப் போனபோது, அவர் “முதலில் கையைக் காட்டுங்கள்” என்று சொல்லி விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார். அங்கே இருந்த பொடிக் கொப்புளங்கள் அதுவரை என் கண்ணில் படவே இல்லை. அவையும் விரைப்பையில் இருந்த முண்டுகளும் சிரங்குப் பூச்சியின் வேலைதான். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை இரவில் கழுத்திலிருந்து கால்வரை பூசிக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசினேன். அறைத்தோழர்கள் மூவரும் அதே இரவில் பூச வேண்டும் என்பதை அவர்களிடம் சொன்னதுதான் மொத்தச் சிகிச்சையிலும் கடினமான பகுதி.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்:

எனக்கு வந்தது ஒருமுறைதான். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தோலைப் பொசுக்கிக்கொண்டு, மூன்று நாள் வேட்டியை மட்டும் சுற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அதை விடுங்கள். திருப்பூர்க்காரர் கடைத் தம்பியை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் மேற்பூச்சு வகைகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. சீட்டு இல்லாமல் கொடுத்தவர் மீதும் தவறு, எட்டு மாதம் வாங்கியவர் மீதும் தவறு. பூஞ்சைக் களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர்வரை பூச வேண்டும். தோல் தெளிந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். பாதத்தில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து போடுங்கள். உள்ளாடையைக் காலில் நுழைப்பதற்கு முன் காலுறையை அணிந்துகொண்டால், பாதத்துப் பூஞ்சை மேலே ஏறாது. துண்டை வீட்டில் யாரோடும் பகிர வேண்டாம். விரைப்பையும் சேர்ந்து சிவந்து எரிந்தால் அது கேண்டிடா என்ற வேறு பூஞ்சையாக இருக்கக்கூடும்; அப்போது சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத பூஞ்சை இப்போது நம் நாட்டில் பரவலாக இருப்பதால், நண்பருக்குக் குணம் தந்த மாத்திரையை நீங்களும் வாங்கி விழுங்காதீர்கள்.

சாயப்பட்டறை ஊழியர், திருப்பூர்:

ஐயா, நான் கடைத் தம்பியைக் குறை சொல்லவில்லை. என் நிம்மதியைத்தான் சொன்னேன். இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையும் ஸ்டீராய்டு கலக்காத களிம்புமாகப் பல வாரம் ஆகித் தோல் தெளிந்துவிட்டது. நேற்று அதே கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே தம்பியின் கை மேல்தட்டுக்குப் போனது.