வர்ஜீனியா ராபர்ட் கார்ட்டர், இதுல எந்த கார்ட்டர்?

கேள்வி:
வணக்கம். வர்ஜீனியால ராபர்ட் கார்ட்டர்னு ஒரு பெரிய நிலக்காரர், 'கிங்' கார்ட்டர்னே கூப்பிட்டிருக்காங்க, 1732ல இறக்கும்போது கிட்டத்தட்ட 3 லட்சம் ஏக்கர் வச்சிருந்தாராம். வேற ஒரு இடத்துல ராபர்ட் கார்ட்டர் 1791ல தன்னோட அடிமைங்கள விடுதலை பண்ணாருன்னு படிச்சேன். ரெண்டு பேரும் ஒரே குடும்பமா? அவ்ளோ நிலம் எப்படி வந்துச்சு?

பதில் 1:
ஒரே குடும்பம்தான். 'கிங்' கார்ட்டரோட அப்பா ஜான் கார்ட்டர் இங்கிலாந்துல இருந்து வந்தவர். அப்போ வர்ஜீனியால ஒரு சட்டம், கப்பல் செலவு குடுத்து ஆள் கூட்டிட்டு வந்தா தலைக்கு 50 ஏக்கர், பணம் இருக்கறவனுக்கு நிலம் தானா சேரும். ஆனா மகன் காலத்துலதான் அது பூதாகாரமா பெருசாச்சு, ஏன்னா ஃபேர்ஃபாக்ஸ் பிரபு குடும்பத்தோட வடக்கு வர்ஜீனியா நிலத்துக்கெல்லாம் இவர்தான் ஏஜென்ட், பட்டா எழுதிக் குடுக்கற இடத்துல உக்காந்துகிட்டு சொந்த மகன்களுக்கும் பேரன்களுக்கும் எழுதிக்கிட்டாரு. புகையிலைக் காட்டுல உழைச்சது நூத்துக்கணக்கான அடிமைங்க, அத மறந்துட்டு இந்த சொத்துக் கதைய பேசவே கூடாது. இவர் மக வழில ஹாரிசன்னு ரெண்டு அமெரிக்க ஜனாதிபதிங்க வந்திருக்காங்க.

பதில் 2:
விடுதலை பண்ணது பேரன், மூணாவது ராபர்ட் கார்ட்டர். பேரன்னாலே தாத்தா பேர் தாங்குறவன்தானே, அங்கயும் அதே கதை, நடுவுல அப்பா பேரும் ராபர்ட்தான். அப்பா, தாத்தா ரெண்டு பேருமே 1732லயே போயிட்டாங்க, இவருக்கு அப்போ 4 வயசு. நொமினி ஹால்ங்கற தன்னோட பண்ணை மாளிகைல வாழ்ந்தவர், பின்னாடி பாப்டிஸ்ட் சபைல சேர்ந்தாரு. 1791ல பத்திரம் எழுதி பதிவு பண்ணாரு, 450 பேருக்கு மேல, ஒரே நாள்ல இல்ல, வருஷத்துக்கு 15 பேர்னு படிப்படியா. சொந்தக்காரங்களுக்கும் அக்கம்பக்கத்து பண்ணைக்காரங்களுக்கும் கடும் கோபம். 1793ல பால்டிமோர் போயிட்டாரு, 1804ல அங்கயே இறந்தாரு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, இப்பதான் புரியுது. அந்த பத்திரத்துல ஆளுங்க பேர் இருக்கா, இல்ல வெறும் எண்ணிக்கைதானா?

பதில் 2:
பேர், வயசு ரெண்டும் இருக்கு, எந்த பண்ணைன்னும் இருக்கு. பண்ணைங்களுக்கு ராசி பேர் வச்சிருந்தாரு, மேஷம், சிம்மம், கன்னின்னு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு வேற எந்த ஏட்டுலயும் பேர் கிடைக்கறது கஷ்டம், அதனால உங்களுக்கு கார்ட்டர் வம்சத்த விட அந்தப் பட்டியல்தான் முதல்ல படிக்க வேண்டியதுன்னு சொல்லுவேன்.