சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் யோசனை வேணும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில எங்க சபை சண்டே ஸ்கூல்ல சின்னப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். டிசம்பர் வந்தாலே டிராமா, கேரல், புது டிரஸ்னு ஒரே குஷிதான். இந்த வருஷம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவங்க கையாலயே ஏதாவது செய்ய வைக்கணும்னு ஆசை.

பலகாரத் தட்டு ஏற்கெனவே போகுது. முறுக்கு, முந்திரிக்கொத்து, கேக் எல்லாம் அம்மாமார் செஞ்சு அடுக்கிக் கொடுப்பாங்க, பிள்ளைங்க நீட்டிட்டு ஓடி வந்துருவாங்க. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் அந்த வீடுகள்ல இருந்து நமக்கும் வருது. நல்ல பழக்கம்தான், ஆனா பிள்ளைங்களுக்கு அதுல வேலையே இல்ல.

2023 டிசம்பர் 17, 18 மழையில நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கினப்போ, பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு. சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட உட்கார்ந்த பொடிசுங்க இன்னும் அதையே பேசுதுங்க. ரப்பர் பேண்ட் போட்டதுதான் அவங்க வேலை; அதுல அவ்வளவு பெருமை!

வெள்ளம் வராம அந்த மாதிரி என்ன செய்ய வைக்கலாம்? எங்க தெருவுல தனியா இருக்கிற வயசானவங்க நிறைய, பிள்ளைங்க வெளிநாட்டுல. சுகர் இருக்கிறதால கேக் சரிப்படாது. மருந்துக் கடைக்குப் போய்வர்றது, போன்ல வீடியோ கால் போட்டுக் கொடுக்கிறது, வாசல்ல ஸ்டார் கட்டிக் கொடுக்கிறதுனு யோசிச்சேன். இந்துக் குடும்பங்கள்ல ஸ்டார் கட்டலாமான்னு முதல்ல கேட்டுக்கணும், இல்லையா?

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறது வேண்டாம்னு முடிவா இருக்கேன். பெற்றோர்கிட்ட அதை மனம் கோணாம எப்படிச் சொல்றது? செஞ்சு பார்த்த அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்க. கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குறதுக்குள்ள தெரிஞ்சா நல்லது.