எரியாத பழைய டியூப் லைட்: உங்கள் வீட்டில் என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

திருப்புளி:

பழைய நாலடி டியூப் லைட்டில் இருப்பதே டியூப், சோக் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள்), ஸ்டார்ட்டர், இரண்டு முனையிலும் ஹோல்டர், அவ்வளவுதான். இருந்தும் எரியவில்லை என்றால் பலரும் முதலில் புது டியூப் வாங்குகிறார்கள். அப்புறம் ஸ்டார்ட்டர். அதற்கும் மசியாவிட்டால் ஃபிட்டிங்கையே கழற்றிக் குப்பையில் போடுகிறார்கள். என் அபிப்பிராயம், வாங்கப் போகும் முன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்று பார்க்க வேண்டும். என்ன கோளாறு என்று பெரும்பாலும் விளக்கே காட்டிவிடும்.

எங்கள் சமையலறை விளக்கு இரண்டு முனையிலும் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டு, நடுவில் இருட்டாகவே கிடந்தது. சிமிட்டக்கூட இல்லை. இதைப் பார்த்தால் முதல் சந்தேகம் ஸ்டார்ட்டர் மேல்தான் வர வேண்டும்.

ஸ்டார்ட்டர் குப்பிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதில் நியான் போன்ற வாயுவும், சூடானால் வளையும் ஓர் இரட்டை உலோகத் தகடும் உண்டு. ஸ்விட்ச் போட்டதும் வாயு ஒளிர்ந்து தகட்டைச் சூடாக்குகிறது. தகடு வளைந்து எதிர்முனையைத் தொட்டதும் மின்சாரம் சோக் வழியாக டியூபின் இரண்டு இழைகளிலும் ஓடி அவற்றைப் பழுக்க வைக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும்போது வாயு ஒளிர்வதில்லை, அதனால் தகடு ஆறி விலகிவிடும். அந்தக் கணத்தில் சோக்கில் ஓடிய மின்சாரம் திடீரென்று அறுபட, பல நூறு வோல்ட் எகிறி டியூபைப் பற்ற வைக்கிறது. எரிய ஆரம்பித்தபின் டியூபின் இரு முனைக்கும் நடுவே சுமார் 100 வோல்ட்தான் இருக்கும். அது ஸ்டார்ட்டரை மறுபடி எழுப்பப் போதாது. எரிகிற விளக்கிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் விளக்கு அணையாமல் இருப்பது இதனால்தான்.

எங்கள் ஸ்டார்ட்டரில் தகடு விலகாமல் ஒட்டிப்போயிருந்தது. உறுதி செய்துகொள்வதும் எளிது. முனைகள் கனன்றுகொண்டிருக்கும்போதே ஈரமில்லாத கையால் ஸ்டார்ட்டரைத் திருகி வெளியே எடுத்தால் டியூப் பளிச்சென்று எரியும், எரிந்தது. குப்பி உலோகமாக இருந்து நசுங்கியோ விரிந்தோ இருந்தால் மட்டும் மெயினை அணைக்காமல் தொடாதீர்கள். இந்த நிலையில் விளக்கை அப்படியே விட்டுவைப்பதும் நல்லதல்ல. சாதாரணமாக எரியும்போது ஓடுவதைவிட அதிக மின்சாரம் ஓடுவதால் இழைப்பூச்சு தீர்ந்துபோகும், சோக் கொதிக்கும்.

புது ஸ்டார்ட்டர் போட்டு வேலை முடிந்தது என்று பார்த்தால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே அணைய ஆரம்பித்தது. டியூபை ஹோல்டரில் லேசாகத் திருப்பினால் எரியும், கையை எடுத்தால் அணையும். இது ஹோல்டரின் வேலை. டெஸ்டரை முதலில் வேறொரு பிளக்கில் வைத்து அது ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, மெயினை அணைத்து, பிறகு ஃபிட்டிங்கில் வைத்துப் பார்த்துத்தான் கழற்றினேன். ஹோல்டரின் பிளாஸ்டிக் மஞ்சளாகி, விரல் பட்டதும் பொடிந்தது. உள்ளே பித்தளைத் தகடு கறுத்து, இறுக்கம் போய்த் தளர்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும் என்பார்கள். தளர்ந்த தகடு மறுபடி சூடாகி மறுபடி கறுக்கத்தான் செய்யும். இரண்டு ஹோல்டரையும் மாற்றி, கறுத்துப்போன வயர் முனைகளை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினேன். இப்போது ஒழுங்காக எரிகிறது.

உங்கள் விளக்குகள் என்னென்ன ஆட்டம் காட்டின?

கரகரப்பு:

முனைகள் மட்டும் கனல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டார்ட்டருக்குள் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனாலும் இதே அறிகுறிதான். என்னிடம் வந்த ஒன்றைப் பிரித்து அந்தக் கெப்பாசிட்டரை மட்டும் நறுக்கிவிட்டேன், ஸ்டார்ட்டர் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கெப்பாசிட்டர் அங்கே இருப்பதே ரேடியோ இரைச்சலைக் குறைக்கத்தான். எனக்கு ரேடியோ பொழுதுபோக்கு என்பதால் நறுக்கியதன் பலன் உடனே காதில் விழுந்தது. ஸ்விட்ச் போடும்போதெல்லாம் சிற்றலையில் சரியான கரகர. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைக்குப் பிரித்துப் பாருங்கள், விளக்குக்குப் புதுசு போட்டுவிடுங்கள்.

மாடிப்படி:

எங்கள் வீட்டில் நேர் எதிர்த் தொல்லை. விளக்கு அணைத்த பிறகும் எரிந்தது! பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் மற்ற விளக்கெல்லாம் அணைந்தபின் டியூப் முழுக்க மங்கலாக ஒரு நிலா வெளிச்சம், நடுநடுவே ஒரு துடிப்பு. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே பயந்தார்கள். டியூபை மாற்றினோம், ஸ்டார்ட்டரை மாற்றினோம், போகவில்லை.

கடைசியில் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஃபிட்டிங்கின் கனெக்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது அது எரிந்தது. ஸ்விட்ச் ஃபேஸை வெட்டவில்லை, நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ பெயின்ட் வேலைக்காகக் கழற்றியவர் இரண்டு வயரையும் மாற்றி மாட்டியிருக்கிறார். விளக்கும் எரிந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தைவிட எங்களைக் கலங்கடித்தது வேறு விஷயம். அத்தனை நாளும் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு டியூபைத் துடைத்துக்கொண்டிருந்தோம், ஃபிட்டிங் முழுக்க ஃபேஸ் நின்றிருக்கிறது.

சரிசெய்த எலக்ட்ரீஷியன் சொன்ன ஒன்று: எலக்ட்ரானிக் சோக்கோ எல்இடி டியூபோ இருந்து, ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கும் இருந்தால், வயரிங் சரியாக இருந்தாலும் அணைத்தபின் இப்படி மினுக்கலாம். இண்டிகேட்டர் வழியாகக் கசியும் துளி மின்சாரம் உள்ளே சேர்ந்து சேர்ந்து ஒரு தடவை பளிச்சிடும். அதனால் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நாற்பது வாட்:

இந்த வேலையிலேயே இருந்தவன். ஓய்வு பெற்றாலும் வாய் சும்மா இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டியூபைக் குறை சொல்லும் முன் அதை எரிகிற வேறொரு ஃபிட்டிங்கில் மாட்டிப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது. விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டே இருந்து, முனையும் கன்னங்கரேலென்று இருந்தால் டியூபின் ஆயுள் முடிந்தது. இழைமேல் பூசியிருக்கும் பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் ஆக்சைடுகள் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்துப் போய்க் கண்ணாடியில் படிவதுதான் அந்தக் கறுப்பு. ஆகவே அடிக்கடி போட்டு அணைக்கிற இடத்தில் டியூப் சீக்கிரம் போகும். முனையிலிருந்து சற்றுத் தள்ளி லேசான பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். புது டியூபுக்குள் வெளிச்சம் பாம்பு மாதிரி நெளிந்தாலும் பதற வேண்டாம், கொஞ்ச நேரம் எரிந்தபின் அடங்கிவிடும். வோல்டேஜ் குறைந்தாலும் கடும் குளிரிலும் நல்ல டியூபே சிமிட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

சோக்கைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு வீட்டில் புது டியூப் மாட்டி ஸ்விட்சைத் தொட்டதும் இரண்டு முனையும் வெள்ளையாகப் பளீரிட்டுச் செத்துவிட்டது. அவர்கள் டியூப் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினார்கள். நான் இன்னொரு டியூப் போடவேண்டாம் என்று தடுத்தேன். சோக்கில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி, மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போயிருந்தது. மல்டிமீட்டரில் அறுந்த சோக் உடனே தெரியும். பாதி சுற்று ஷார்ட் ஆனது பல சமயம் தெரியாது. நாங்கள் பட்டறையில் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுப் பார்ப்போம். பல்பு மங்கலாக எரிந்தால் சோக் சரி, முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட், எரியவே இல்லையென்றால் அறுந்தது. திறந்த வயரில் செய்கிற சோதனை என்பதால் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் முயல வேண்டாம்.

ரீங்காரம் மட்டும் என்றால் சோக்கின் இரும்புத் தகடுகள் தளர்ந்திருக்கும், அல்லது சோக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஸ்க்ரூவை இறுக்கினாலே பாதிச் சத்தம் போகும். கருகிய வாசனை வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

38 மில்லிமீட்டர் பருமனுள்ள பழைய 40 வாட் டியூபுக்குப் பதில், 220-240 வோல்ட் சோக் ஃபிட்டிங்கில் 26 மில்லிமீட்டர் 36 வாட் டியூபை அப்படியே மாட்டலாம். 16 மில்லிமீட்டர் ஒல்லி டியூப் நீளமும் குறைவு, முனைக் கம்பிகளின் இடைவெளியும் வேறு. அது உட்காராது. மிகப் பழைய ஃபிட்டிங்கில் தகர டப்பாவில் ஒரு கெப்பாசிட்டர் தனியாக இருந்தால், மெயினை அணைத்தபின்னும் அதில் சார்ஜ் நிற்கலாம். எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அந்தக் காலத்து எண்ணெய்களில் சில விஷம்.

ஸ்டார்ட்டர் இல்லாத ஃபிட்டிங்கில் இரண்டு வயர் முனையைத் தொட்டு விலக்கி எரிய வைப்பதைச் சில பட்டறைகளில் இன்றும் பார்க்கிறேன். விலக்கும்போது எகிறுவது பல நூறு வோல்ட் என்று திருப்புளி மேலே எழுதியிருக்கிறார். அந்த வோல்ட் உங்கள் விரலுக்குப் பக்கத்தில்தான் எகிறுகிறது.

வெள்ளைச்சுவர்:

எல்லாம் சரி, ஆனால் இந்த விளக்குக்கு இவ்வளவு மருத்துவம் தேவையா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு இந்த டியூபைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதில்லை. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில், 2027க்குள் இவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த நாடுகள் 2023இல் ஒப்புக்கொண்டன. நான் எல்இடி டியூபுக்கு மாறிவிட்டேன்.

மாறும்போது பெட்டியில் போட்டிருக்கும் வயரிங் படத்தைப் படியுங்கள். ஒருவகை டியூபுக்குச் சோக்கை விட்டுவைத்து, ஸ்டார்ட்டர் இடத்தில் கூடவே தரும் போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். இன்னொரு வகைக்குச் சோக்கைக் கழற்றி நேரடியாக மின்சாரம் தர வேண்டும். எலக்ட்ரானிக் சோக் இருந்தால், அதோடு ஒத்துப்போகும் என்று போட்டிருக்கும் டியூபைத் தவிர மற்றவற்றுக்கு அதைக் கழற்றியாக வேண்டும். சோக்கை எடுத்த ஃபிட்டிங்கில் பின்னாளில் யாராவது பழைய டியூபை மாட்டினால் ஆபத்து. நான் ஃபிட்டிங் மேலேயே ‘எல்இடி மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

திருப்புளி:

வெள்ளைச்சுவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சோக் போன அன்று நானும் மாறிவிடுவேன். ஹோல்டர் தளர்ந்ததற்காக நன்றாக எரிகிற டியூபையும் சோக்கையும் தூக்கிப் போட மனம் வரவில்லை, அவ்வளவே.

நாற்பது வாட் ஐயா, பல்புச் சோதனை எனக்குப் புதுசு, நன்றி.

மாற்றுகிறவர்கள் கழற்றிய டியூபைத் தயவுசெய்து குப்பைத்தொட்டியில் உடைத்துப் போடாதீர்கள். சில மில்லிகிராம்தான் என்றாலும் உள்ளே இருப்பது பாதரசம். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் முழுசாகக் கொடுங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் பத்து நிமிடமாவது வெளியே இருங்கள். பிறகு துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ போடாமல், தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளுங்கள். தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள்.

ஒரே சோக்கில் இரண்டு சின்ன டியூப் தொடராக எரியும் ஃபிட்டிங் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அதற்கு எஸ்2 ஸ்டார்ட்டர்தான் போட வேண்டும். தனி நாலடி டியூபுக்குப் போடும் எஸ்10ஐ அதில் மாட்டிவிட்டு, எரியவில்லை என்று டியூபைச் சந்தேகப்படாதீர்கள்.