மறுமொழி: ‘கைட் பக்கி’ – ‘பெருவண்டி’யா, ‘அகல வண்டி’யா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றாடி இழுத்துச் செல்லும் மூன்று சக்கர வண்டியான ‘கைட் பக்கி’க்குத் தமிழ்ச்சொல் வேண்டி நான் தொடங்கிய இழையில் மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் புதிதாகக் கற்க வரும் இளைஞர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை முன்பே தெரிவித்திருந்தேன். அதற்கு வேண்டிய சொற்கள் பெரும்பாலும் அமைந்துவிட்டன. சிறிய வண்டியை விட்டுப் பெரிய வண்டிக்கு மாறும்போது அந்தப் பெரிய வண்டியை என்ன சொல்லி அழைப்பது என்பதில் மட்டும், ‘பெருவண்டி’ என்ற குழுமத்தின் பெரும்பான்மைக் கருத்தோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஓட்டுபவரின் கையும் காலும் முறியாமல் இருப்பதோடு தொடர்புடைய செய்தி என்பதால், சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இவ்வண்டியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு குறிப்பு. மூன்று சக்கரங்கள், அவற்றின் நடுவே தரையை ஒட்டித் தொங்கும் துணியிருக்கை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, அக்கவையின் இருபுறமும் பாதம் ஊன்றும் மிதிகட்டைகள், இவ்வளவுதான் வண்டி. எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. கைகள் காற்றாடியைப் பிடித்திருப்பதால் கால்களால்தான் திசை திருப்ப வேண்டும். பிரிஸ்டல் நகரத்துப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போக்காக் 1826-இல் காற்றாடிகள் இழுத்துச் செல்லும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். குதிரைகளை எண்ணிச் சுங்கம் வாங்கிய அக்காலச் சாலைகளில் அவருடைய வண்டிக்குச் சுங்கம் கேட்க வழியில்லாமல் போயிற்று. இன்று நாம் ஓட்டும் தாழ்வான மூன்று சக்கர வடிவம் 1990-ஐ ஒட்டி நியூசிலாந்தின் பீட்டர் லின் வழியாகப் பரவியது.

> பட்டம் இழுப்பதால் ‘பட்டத்தேர்’ எனலாம். பெரியதைப் ‘பெரும்பட்டத்தேர்’ எனலாம். ஓட்டுபவரை ‘வலவன்’ என்பது மரபு.

பேராசிரியர் ஐயா அவர்களுக்கு, தேர் என்ற சொல்லின் கம்பீரம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆயினும் நம் மக்கள் மனத்தில் தேர் என்றால் திருவிழாவில் பலர் கூடி வடம் பிடித்து மெல்ல நகர்த்தும் கோயில் தேர்தான். ஒருவர் தனியே மணலில் படுத்தாற்போல் அமர்ந்து விரையும் வண்டியை அது நினைவூட்டாது. ‘வலவன்’ அழகிய பழஞ்சொல் என்பதில் ஐயமில்லை. எங்களிடம் கற்க வருபவர்களில் பெண்களும் உண்டு என்பதால் இருபாலுக்கும் பொதுவான ‘ஓட்டுநர்’ என்பதையே கையேட்டில் வைத்துக்கொள்கிறேன்.

> எங்கட ஊரில காற்றாடி எண்டால் கையில் பிடித்துச் சுழலவிடுகிற விளையாட்டுப்பொருள். பறப்பது பட்டம்தான். ஆகவே ‘பட்டவண்டி’.

யாழ்ப்பாணத்து அன்பருக்கு, தாங்கள் சொல்வது சரியே. பொதுச்சொல்லாக நோக்கினால் பட்டம்தான் தெளிவானது. சேர்த்து எழுதும்போதுதான் சிக்கல் எழுகிறது. ‘பட்ட’ என்று அடையாக நின்றால் பட்டமரம், அடிபட்ட வண்டி என்றெல்லாம் மனம் ஓடுகிறது. ‘பட்டத்து வண்டி’ என்றால் பட்டத்து யானையைப் போல அரண்மனைக்குப் போய்விடுகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் குழந்தைகள் முதல் முதியவர் வரை வானில் பறப்பதைக் ‘காத்தாடி’ என்றே சொல்கிறார்கள். எங்கள் வண்டியைப் பார்த்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே ‘காத்தாடி வண்டி’ என்று கூப்பிட்டார்கள். மக்கள் வாயில் வந்துவிட்ட சொல்லை விலக்க எனக்கு மனமில்லை. கையேட்டில் ‘காற்றாடி வண்டி’ என்றும், ஈழத்து வாசகருக்காகப் ‘பட்டவண்டி’ என்பதை இணைச்சொல்லாகவும் தருகிறேன். காற்றாடியை நூலோடு இணைக்கும் கட்டுக்குத் தாங்கள் சொன்ன ‘முச்சை’யும், நம் பக்கத்துச் ‘சூத்திரம்’ என்பதும் இரண்டுமே இடம்பெறும்.

இனி, இந்த மடலின் முதன்மையான செய்திக்கு வருகிறேன்.

> ‘பெருவண்டி’ எளிமையானது. புரியாதவர் எவரும் இரார். இதற்கு மேல் விவாதம் வேண்டுமா?

வேண்டும் என்றே நினைக்கிறேன். பெரிய வண்டியில் எது பெரிதாகிறது என்பதை முதலில் பார்ப்போம். என்னுடைய பழைய வண்டியின் பின்னச்சு ஒரு மீட்டர் அகலம்; சக்கரங்கள் ஏறத்தாழ நம்மூர் ஆட்டோவில் போடும் 4.00-8 அளவு, அதாவது டயரின் அகலம் 10 செ.மீ. அளவே. இப்போது ஓட்டும் வண்டியின் பின்னச்சு 1.3 மீட்டர், டயரின் அகலம் 25 செ.மீ.க்கும் மேல். எடையும் நீளமும் ஓரளவு கூடியிருக்கின்றன. இருக்கை அதே அளவுதான். காற்றாடி அதே காற்றாடிதான். ஆக, உண்மையில் கூடியது அகலம். அச்சிலும் அகலம், சக்கரத்திலும் அகலம்.

இந்த அகலம் நம் கரைக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வடகடலை ஒட்டிய ஐரோப்பியக் கரைகளில் ஓதம் இறங்கியதும் கெட்டியான ஈரமணல் கண்ணுக்கெட்டிய தூரம் வெளிப்படும். அங்கே ஒடுங்கிய டயரே தாராளமாக ஓடும். சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதாலும், கரை சரிவாக இருப்பதாலும், கெட்டி மணல் அலை தொடும் ஒரு குறுகிய பட்டைதான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் கால் புதையும் உலர்மணல். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ அந்த ஈரப்பட்டையை விட்டுச் சற்றே மேலேறினால் ஆட்டோ டயர் அளவுள்ள சக்கரம் மணலை உழுதுகொண்டு நின்றுவிடும். ஐந்தாறு பி.எஸ்.ஐ. காற்று மட்டும் அடைத்த அகன்ற டயரோ எடையைப் பரப்பி, மணலின் மேலேயே உருண்டு போகும்.

அச்சின் அகலம் செய்யும் வேலை வேறு. மூன்று சக்கர வண்டி கவிழ்ந்தால், முன்சக்கரத்தையும் காற்றாடி இருக்கும் பக்கத்துப் பின்சக்கரத்தையும் இணைக்கும் சாய்ந்த கோட்டைச் சுற்றியே கவிழும். ஒரு மீட்டர் அச்சென்றால் நடுவிலிருந்து அரை மீட்டர் பிடிமானம் உண்டு என்று தோன்றும். ஓட்டுநரின் எடை பின்னச்சிலிருந்து வண்டி நீளத்தில் கால் பங்கு முன்னே விழுகிறதென்றால், அவ்விடத்தில் அந்தக் கோடு ஏறத்தாழ 38 செ.மீ. தொலைவிலேயே இருக்கும். 1.3 மீட்டர் அச்சில் அதுவே 49 செ.மீ. ஆகிறது. பதினோரு செ.மீ.தானே என்று எண்ணிவிடக் கூடாது. அதே எடைக்குக் காற்றாடியின் பக்கவாட்டு இழுப்பை ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடுதலாகத் தாங்க முடிகிறது. இந்தக் கோட்டுக்குச் ‘சாய்கோடு’ என்று பெயரிட்டிருக்கிறேன். இதுவரை எவரும் மறுப்புச் சொல்லவில்லை.

கற்பவருக்கு ஆபத்து தொடங்கும் இடமும் இதுவே. ஒடுங்கிய வண்டி இழுப்பு மிகுந்தவுடனே எச்சரித்துவிடும். முதலில் பின்சக்கரங்கள் பக்கவாட்டில் நழுவும். திரும்பிப் பார்த்தால், ஈரமணலில் மூன்று மெல்லிய கோடுகளாக இருந்த தடம் அந்த இடத்தில் சுவரில் சுண்ணாம்பு இழுத்ததைப் போல அகன்று கலைந்திருக்கும். இதைப் ‘பக்கச் சறுக்கல்’ என்கிறோம். அதையும் மீறினால், கடற்காற்றில் காற்றாடி கரைப்பக்கம் நிற்பதால் கடற்பக்கத்துப் பின்சக்கரம் மணலை விட்டு எழும். டயரில் ஒட்டிய மணல் சிதறி முழங்கையில் தெறிக்கும். இதற்கு நான் முன்வைத்த ‘ஒருக்களிப்பு’ என்ற சொல்லை நீங்கள் ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி. அகன்ற வண்டியில் இவ்விரண்டும் எளிதில் நிகழா. சக்கரம் நழுவாது, அச்சு எழாது, எச்சரிக்கை ஏதும் வராது. இழுப்பு மட்டும் கூடிக்கொண்டே போய், ஒருகட்டத்தில் வண்டி தரையில் நிற்க, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தூக்கப்படுவார்.

புதுச்சேரியிலிருந்து வரும் ஓர் இளைஞர் அகன்ற வண்டியில் முதன்முதலாக அமர வந்தபோது, அன்றைய காற்றுக்கு ஏற்ற 3 சதுர மீட்டர் காற்றாடி மணலில் விரித்துக் கிடந்தது. “பெரிய வண்டிக்குப் பெரிய காத்தாடிதானேண்ணா?” என்று கேட்டுக்கொண்டே அவர் பையிலிருந்து 5 சதுர மீட்டர் காற்றாடியை உருவினார். அவர் மீது எந்தப் பிழையும் இல்லை. ‘பெரிய’ என்ற அடைமொழி அவருக்கு அந்த முடிவைச் சொல்லிக்கொடுத்தது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியாக (வர்க்கமாக) பெருகும். மணிக்கு 16 கி.மீ. வீசிய காற்று 24 ஆனால், அதே காற்றாடியின் இழுப்பு இரண்டேகால் மடங்காகும். பரப்பையும் அத்துடன் கூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அகன்ற வண்டியைக் கற்கும்போது பழகிய காற்றாடியையோ அதனினும் சிறியதையோதான் கட்ட வேண்டும்.

ஓட்டும் முறையும் மாறுகிறது. எடை மிகுந்த வண்டி மெல்லவே வேகம் பிடிக்கும் என்பதால், தொடக்கத்தில் காற்றாடி இழுப்பு மிகுந்த நடுவெளியில் நீண்ட நேரம் நிற்கும். முதுகைச் சாய்த்து, மிதிகட்டையை உறுதியாக ஊன்றிப் பொறுத்திருக்க வேண்டும். வேகம் கூடக்கூட, ஓட்டுநர் உணரும் காற்று வலுப்பதோடு முன்பக்கமாகவும் திரும்பும். இதை நம் பள்ளி இயற்பியல் நூல்களின் ‘சார்புத் திசைவேகம்’ என்ற வழக்கை ஒட்டிச் ‘சார்புக் காற்று’ என்று வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தின் ‘அப்பேரண்ட் விண்ட்’ என்பதை ஒட்டித் ‘தோற்றக் காற்று’ என்றால் பொய்த்தோற்றம் என்று பொருள்பட்டுவிடும், ஆனால் அந்தக் காற்று காற்றாடியை இழுக்கும் மெய்யான காற்று.

திரும்புவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முன்சக்கரம் அகன்றது என்பதால் கால் கூடுதலாக உந்த வேண்டும். வளைவின் ஆரமும் பெரிது. எனவே முன்னதாகவே காற்றாடியை உச்சிக்கு ஏற்றிவிட்டு, பிறகு காற்றுவாக்கில் வண்டியை வளைக்க வேண்டும். அவ்வேளையில் எடை மிகுந்த வண்டி தன் வேகத்திலேயே காற்றாடியை நோக்கி ஓடுவதால் நூல் தொய்யும். தொய்ந்த நூல் சட்டென்று விறைக்கும்போது வரும் உதறலே ஓட்டுநரைத் தூக்கிவிடுகிறது. ஒடுங்கிய வண்டியில் ஒரு நொடியில் முடியும் இத்திருப்பத்தை அகன்ற வண்டியில் மூன்று தனித்தனி அசைவுகளாகப் பயிற்றுவிக்கிறோம்.

எனவே என் பரிந்துரை ‘அகல வண்டி’. கடலூர்க்காரருக்கு இந்த அடைமொழி புதிதன்று. மீட்டர் பாதையாக இருந்த எங்கள் ரயில்பாதை அகலப்பாதையானதைக் கண்டவர்கள் நாங்கள். அந்த மாற்றத்தில் எது மாறியது என்பதைச் சொல்லே தெளிவாகச் சொன்னது. பழைய சிறிய வண்டியைக் ‘குறுவண்டி’ என்று சொல்லாமல் ‘ஒடுக்க வண்டி’ என்று சொல்லலாம். அகலத்துக்கு எதிர்ச்சொல் ஒடுக்கமே. ‘அகலச்சு’, ‘அகலச்சக்கரம்’ என்று உறுப்புகளைத் தனித்தனியே குறிக்கவும் இச்சொல் இடம்கொடுக்கிறது. ஒடுங்கிய அச்சில் அகலச்சக்கரம் மட்டும் மாட்டி ஓட்டுவோரும் இருக்கிறார்கள், ‘பெருவண்டி’ என்றால் அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

> ‘காற்றுச் சாளரம்’ என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மொழிபெயர்ப்பாளர் அம்மையாருக்கு: கடற்கரையில் நின்று சாளரம் என்று சொன்னால் எல்லாரும் எதையோ தேடுகிறார்கள். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முன்னே காற்றாடி சென்று வரக்கூடிய வெளி என்பதுதான் பொருள். ‘வீச்சுவெளி’ என்றவுடன் புரிந்துகொள்கிறார்கள். அதன் ‘உச்சி’, ‘விளிம்பு’, ‘நடுவெளி’ ஆகியவற்றில் தங்களுக்கும் உடன்பாடே என்று கொள்கிறேன்.

இன்னும் ஒரு சொல் அமையாமல் நிற்கிறது. பின்னால் உள்ள இரு நூல்களை இழுத்தால் காற்றாடி அடங்கும் என்பதால் அவற்றை ‘அடக்குநூல்’ என்று முடிவு செய்தோம். கைப்பிடியை விட்டவுடன் அந்த அடக்குநூல்களை மட்டும் இழுத்துப்பிடித்துக் காற்றாடியை வீழ்த்துவதற்காக மணிக்கட்டில் கட்டும் வாருக்கு நல்ல பெயர் வேண்டும். ‘வீழ்த்துவார்’, ‘அடக்குவார்’ என்று ‘வார்’ சேர்த்தால் வினைமுற்றாக ஒலிக்கிறது. இப்போதைக்கு ‘அடக்குபட்டை’ என்று எழுதியிருக்கிறேன். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று காற்றாடியைக் கடலுக்குள் இழுக்கும் என்பதால் அம்மாதக் காலை வேளைகளில் நாங்கள் வண்டி எடுப்பதில்லை. அந்த ஓய்வில் கையேட்டை முடித்துவிட எண்ணம். அதற்குள் இதைவிடப் பொருத்தமான சொல் தருவீர்களானால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
தேவனாம்பட்டினத்திலிருந்து