சிறு பிள்ளைகளுடன் சுவிட்சர்லாந்தில் மலைநடை: மே விடுமுறை பொருந்துமா?

அஸ்தம்பட்டி வாசி:
வணக்கம். எங்கள் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. ஏற்காட்டுக்குப் போனால் இருவரும் முணுமுணுக்காமல் நடக்கிறார்கள். ஆகவே வரும் மே விடுமுறையில், பேருந்திலிருந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாவாக இல்லாமல், நாள்தோறும் சிறிது தூரமாவது மலைப்பாதையில் நடக்கும்படி சுவிட்சர்லாந்துப் பயணம் ஒன்றை அமைக்க விரும்புகிறோம். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் தங்க எண்ணம். பிள்ளைகளை எவ்வளவு தூரம், எந்த உயரம் வரை அழைத்துச் செல்லலாம்?

சூரமங்கலத்துக்காரர்:
இடத்தில் குறையில்லை, மாதம்தான் இடிக்கிறது. இங்கே கத்திரி வெயில் கொளுத்தும் நாளில், ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பாதைகள் பலவற்றில் பனி கிடக்கும். மேலே ஏற்றிச் செல்லும் கேபிள் கார்களில் பலவற்றையும் பராமரிப்புக்காக அப்போதுதான் நிறுத்தி வைப்பார்கள். ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை நடைக்கு உகந்த காலம் என்பதால், காலாண்டுத் தேர்வு விடுமுறையோடு ஓரிரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு செல்வதே மேல். தலைமையாசிரியரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

அப்படிச் சென்றால் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள வெங்கன் கிராமத்திலிருந்து கேபிள் காரில் மென்லிகன் மலைக்கு ஏறி, அங்கிருந்து கிளைன ஷைடெக் கணவாய் வரை நடந்து பாருங்கள். ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர்தான்; பெரும்பகுதி மெல்லிய இறக்கம்; ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் ஆகிய மூன்று சிகரங்களும் எதிரே நிற்கும். திரும்புவதற்கு ரயில் இருக்கிறது. அங்குள்ள மஞ்சள் பலகைகளில் தூரத்துக்குப் பதிலாக நடக்க ஆகும் நேரத்தை எழுதியிருப்பார்கள். அது பெரியவர் ஒருவர் எங்கும் நிற்காமல் நடக்கும் கணக்கு. கல் பொறுக்குவதற்கும், மணி கட்டிய மாடுகளைப் பார்ப்பதற்கும், ஷூவுக்குள் புகுந்த மண்ணைத் தட்டுவதற்கும் சேர்த்து அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை எனப் பட்டை தீட்டிய பாதைகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கக்கூடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அவை வேண்டாம்.

நம் ஊரிலிருந்து போகிற எல்லோரும் பார்க்க ஆசைப்படும் யுங்ஃபிராயோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 800 மீட்டரிலுள்ள லாட்டர்புருன்னனிலிருந்து ஒரே காலையில் ரயில் அங்கே ஏற்றிவிடும். அவ்வளவு உயரத்துக்குச் சட்டென்று ஏறியதால் தலை வலித்தாலும், அதைச் சிறு பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. சிணுங்கும், சாப்பிட மறுக்கும், நாம் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வோம். நானாக இருந்தால் அதை விட்டுவிடுவேன்.

காபித் தோட்டம்:
மே மாதத்தை மாற்றவே முடியாது என்றால் இலங்கையின் எல்லப் பகுதியைப் பாருங்கள். அங்குள்ள சின்னச் சிவனொளிபாத மலை 1,141 மீட்டர்தான், ஏற்காட்டைவிடத் தாழ்வு. தேயிலைத் தோட்டத்தின் ஊடாகவே வழி செல்லும். மதியத்துக்கு மேல் மழை வரக்கூடும் என்பதால் காலையிலேயே நடந்து முடித்துவிட வேண்டும். ஹோர்ட்டன் சமவெளிச் சுற்று ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். மகனைச் சுமக்கத் தயாராக இருந்தால் மட்டும் செல்லுங்கள்.

அஸ்தம்பட்டி வாசி:
நன்றி. செப்டம்பருக்கே மாற்றிவிடுகிறோம். மகன் நெய்ச்சோறு இல்லாமல் சாப்பிட மாட்டான். இங்கிருந்து நெய் எடுத்துச் செல்லலாமா?

குரங்குச்சாவடி அம்மா:
நெய், பால்கோவா, இறைச்சி போன்றவற்றை இந்தியாவிலிருந்து அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். வெண்ணெய் அங்கே தாராளமாகக் கிடைக்கும், சமையலறை உள்ள வீடாக எடுத்தால் நீங்களே உருக்கிக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்து உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. மகளுக்கு 45 யூரோ, பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மலைநடையில் ஏற்படும் காயமும் மீட்புச் செலவும் அதில் அடங்குமா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பெற்றோர் அந்நாட்டு ரயில்களில் செல்ல உதவும் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் மகளுக்கு இலவசக் குடும்ப அட்டை கிடைக்கும். பாஸ் செல்லுபடியாகும் ரயில்களில் அவளுக்குத் தனியே பயணச்சீட்டு தேவையில்லை.