நெல் வேரை மண்ணோடு ஸ்கேன் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. நெல் வேர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று, செடியைப் பிடுங்காமல் எக்ஸ்ரே சி.டி. ஸ்கேனில் பார்த்து வருகிறேன். பிடுங்கிக் கழுவினால் சல்லிவேர் அறுந்துவிடும், வளர்ந்த கோணமும் போய்விடும். சிக்கல் என்னவென்றால், ஈர மண்ணில் வேரும் நீரும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. வேரிலும் பெரும்பகுதி நீர்தானே! தண்ணீரை வடியவிட்டால் தடித்த வேர்கள் தெளிகின்றன, பக்கவேர்கள் மட்டும் அறுந்த நூல்போல் விட்டுவிட்டுத் தெரிகின்றன. தொட்டியைச் சிறிதாக்கினால் நுணுக்கம் கூடும், ஆனால் வேர் சுவரில் முட்டிச் சுருண்டுகொள்கிறது.

களிமண்ணில் இதைச் செய்தவர்கள், தொட்டியின் விட்டம் என்ன, ஈரப்பதம் எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், ஸ்கேன் படத்தில் வேரை மட்டும் பிரித்தெடுக்க ரூட்ராக் (RooTrak) மென்பொருள் நெல்லுக்கு ஒத்துவருமா? மாதிரிப் படம் ஒன்று கிடைத்தாலும் பெரிய உதவி.